ஹோரியின் நாற்பது ஆட்களும் அஞ்சலையின் பெரட்டும்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு மெல்பர்னில் ஒரு தனியார் காட்சிச்சாலையின் எகிப்து மண்டபத்தில் துப்புரவுக்காரர்களின் பெயர் கூப்பிட்டபோது, சத்தியபாமா என்ற பெயருக்கு, மூவாயிரம் வருஷத்துக்கு முந்திய நீலப் பீங்கான் பொம்மை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து “இருக்கேன்” என்றது. சூப்பர்வைசர் விக்னராஜா நிமிர்ந்தும் பார்க்காமல் சரி போட்டார். அன்றைக்கு மழை இல்லை. ரயில் நாலு நிமிஷம் தாமதம். பொம்மை எந்தப் பாஷையில் சொன்னது என்று பிறகு பலபேர் கேட்டார்கள். அதிகாலையில் வரிசையில் நின்று ஆஜர் சொல்லுகிறவனின் குரல் எல்லாப் பாஷையிலும் ஒன்றுதான்.

அந்தப் பெயருக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தவள் அஞ்சலை. கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து பதினோரு வயதில் பால்வாளி தூக்கியவள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். வரிசையில் நிற்கவேண்டும், கங்காணி பெயர் கூப்பிடுவான், இருக்கேன் என்றால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, பிந்தினால் அரைப்பேர், பாதிக் கூலி, சத்தமே வராவிட்டால் அந்த நாள் அவளுக்கு இல்லை. காய்ச்சலில் கிடப்பவளுக்கும் பிள்ளை பெற்று எழாதவளுக்கும் வரிசையில் நிற்கிற எவளாவது குரலை மாற்றி இருக்கேன் என்பாள். அவளுடைய பங்கு மரங்களை மற்றவர்கள் பிரித்துச் சீவிவிடுவார்கள். இதற்கு யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. மகன் குணசீலன் படிக்க வந்து, வேலை கிடைத்து, மல்கிரேவில் வீடு எடுத்துத் தாயையும் வரவழைத்தபோது அஞ்சலை தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பழக்கம் இது ஒன்றுதான். சும்மா உட்காரத் தெரியாமல் இரண்டாம் மாதமே அவள் துப்புரவு வேலைக்குப் போனாள். “Mum, please,” என்று மகன் சொன்னதற்கு, “உன் ஆபீசையும் எவளோ ஒருத்திதான்டா கூட்டுறா,” என்று பதில் வந்தது.

சத்தியபாமா பருத்தித்துறையில் கணக்கு டீச்சராக இருந்தவள். சண்டையில் புருஷனைக் கொடுத்துவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை அவள் போன் எடுத்திருந்தாள். “அக்கா, நாரி பிடிச்சுப்போட்டுது, இடுப்பை அசைக்கேலாது. கட்டிலாலை எழும்பேலாமல் கிடக்கு. நாளைக்கும் வராட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினம்.” இரண்டு நாள் ஏற்கனவே போயிருந்தது, மூன்றாம் நாள் வராதவருக்கு வேலை இல்லை என்பது கம்பெனியின் சட்டம். “நீ படு சத்தியா. பெரட்ட நான் பாத்துக்கறேன்,” என்று அஞ்சலை சொல்லியிருந்தாள். பொம்மை முந்திக்கொண்டது.

அன்றைக்கு சத்தியபாமாவின் பங்கான கிழக்குத் தாழ்வாரத்தை அந்தப் பொம்மையே துடைத்தது. சாண் உயரம், நெஞ்சின் மேல் மாற்றிக் கட்டிய கை, கையில் ஒரு சின்ன மண்வெட்டி. மண்வெட்டியைச் சுவரோரம் சாத்திவிட்டு ஈரத்துணியை இரண்டு கையாலும் பிடித்து முழங்காலில் தள்ளிக்கொண்டே போயிற்று. பூட்டிய பெட்டியிலிருந்து அது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அஞ்சலைக்கும் ஆச்சரியம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முழங்காலில் தரை துடைக்கிற எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஆத்திரம் வரும்.

மண்டபத்தின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ஹெலன் என்ற வெள்ளைக்கார அம்மா. பெட்டியில் வரிசையாக இருந்த பொம்மைகளின் வயிற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று அஞ்சலை கேட்டதும் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நடுவே சவப்பெட்டியில் கிடக்கிறவன் பெயர் ஹோரி, கோயில் களஞ்சியத்தில் மேலதிகாரியாக இருந்தவன் என்றார். மறு உலகத்திலும் வயல் உண்டு, வாய்க்கால் உண்டு, கிழக்கே கிடக்கும் மணலை மேற்கே சுமந்து கொட்டுகிற வேலை உண்டு. ஹோரியின் பெயரைக் கூப்பிட்டால் அவனுக்குப் பதிலாக இந்தப் பொம்மைகள் எழுந்து இருக்கேன் என்று சொல்லிப் போகவேண்டும். அதற்கான மந்திரம்தான் வயிற்றில் இருப்பது. பூசாரிகள் எழுதிக் கொடுப்பார்கள். வசதிக்காரனுக்கு நானூறு பொம்மை, ஹோரி மாதிரி நடுத்தரத்துக்கு நாற்பது, ஏழைக்கு ஒரு மரச்சில்லு, அதுவும் வாய்க்காதவன் தானே போய்ச் சுமக்கவேண்டியதுதான். மண்வெட்டி இல்லாமல் சாட்டையோடு நிற்கும் நாலு பொம்மைகள் யார் என்று அஞ்சலை விரலைக் காட்டினாள். பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்றார் டாக்டர்.

அஞ்சலை சாட்டைப் பொம்மைகளை உற்றுப் பார்த்தாள். பிறகு, டாக்டருக்குப் புரியாது என்று தெரிந்தே, தமிழில் சொன்னாள்: “செத்தும் கால நீட்டிப் படுத்துக்கிட்டு ஆள வேலைக்கு அனுப்புறானா? அதுக்கு மந்திரம் வேறயா? அங்கயும் கங்காணியா?” டாக்டர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அஞ்சலை தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒன்றே ஒன்று கேட்டாள். பொம்மை பதில் சொல்லாவிட்டால்? “Then Hori has to go himself,” என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. அஞ்சலை சிரிக்கவில்லை. அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் சத்தியபாமாவின் நாரி நேராயிற்று, அவள் வேலைக்கு வந்தாள், பொம்மை பெட்டிக்குத் திரும்பிற்று. அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஐந்து பெண்கள் வேலை செய்யும் இடத்தில் யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், குடிவரவு அலுவலகத்தில் போய் நிற்கவேண்டியிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொம்மை பதில் சொல்லிற்று. ஜூன் மாதத்தில் ஒருநாள் கம்பெனி மேனேஜர் வந்து பெரட்டைப் பார்த்தார். ஐந்து பெயர் கூப்பிட்டதில் ஐந்து குரல் வந்தது, நிற்கிறவர்கள் இரண்டு பேர். மனுஷனாய்ப் பிறந்தவன் மயங்கி விழுந்திருப்பான். மேனேஜர் பெட்டி அருகே குனிந்து, இவர்களுக்கு வரி எண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பட்டியலில் முதலில் அடித்த பெயர் சத்தியபாமாவினுடையது. ஆகஸ்ட் முடிவதற்குள் இன்னும் மூன்று பெண்களின் பெயரையும் அடித்தார். அஞ்சலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் சாண் உயரப் பொம்மைக்குச் சுவரிலிருக்கும் பிளக் எட்டாது. விக்னராஜாவையும் வைத்துக்கொண்டார்கள், ஏனென்றால் பெயர் கூப்பிட ஒரு மனுஷன் வேண்டும். அவர் ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் கூப்பிட்டார். நாற்பது குரல் வந்தது. சாட்டைக்காரப் பொம்மைகள் நாலையும் வரவேற்பு மேசைமேல் வைத்தார்கள். நூல் மாதிரியான சாட்டை, ஆனாலும் சத்தம் கேட்டது.

டாக்டர் ஹெலன் நிர்வாக சபைக்கு எழுதினார். அரும்பொருட்கள் எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டனவோ அதே நோக்கத்துக்காகவே பயன்படுகின்றன, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்தது. சத்தியபாமா கோயில் கமிட்டித் தலைவர் மகேந்திரராஜாவிடம் போனாள், நாலு பெரிய மனிதரைத் தெரிந்தவர் என்று. அவர் உட்காரச் சொல்லி, தேத்தண்ணி கொடுத்து, “எல்லாம் போன பிறப்பிலை செய்ததுதான் பிள்ளை. இந்தப் பிறப்பிலை சகிச்சுக்கொண்டால் அடுத்ததிலை நல்லாயிருப்பாய்,” என்றார். சத்தியபாமா இதைச் சொன்னபோது அஞ்சலை அவளுடைய கிரான்பர்ன் வீட்டுக் குசினியில் கூட உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “ஹோரிக்கு மந்திரம் எழுதிக் குடுத்தவன் வம்சம் இன்னும் அழியல போலருக்கு,” என்றாள். சத்தியபாமாவுக்குச் சிரிப்பு வந்து, சிரித்த இடத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. மகள் அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. “எனக்கு ஒருத்தற்றை பிச்சையும் வேண்டாம் அக்கா. என்ரை பேரை ஒருக்காக் கூப்பிட்டால் போதும்,” என்றாள்.

அந்த வார்த்தை அஞ்சலையைக் குத்திக்கொண்டே இருந்தது. இவள் பெயருக்குப் பதில் சொன்ன பொம்மைதான் இவள் பெயரை அழித்தது, அதைச் செய்ய வைத்தது தன்னுடைய தோட்டத்துப் பழக்கம் என்று அவள் நினைத்தாள். பொம்மைகள் மேலும் கோபப்பட்டுப் பார்த்தாள், முடியவில்லை. பதினேழாம் நம்பர் பொம்மை வாளி தூக்கும்போது படியில் விழுந்து வலது கால் உடைந்தது. மறுநாள் பதினேழு என்று கூப்பிட்டதும் அது தவழ்ந்து வந்து இருக்கேன் என்றது. மேசைமேலிருந்து அதன் முதுகில் சாட்டையடி விழுந்தது. அஞ்சலை துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

“விக்னராஜா தம்பி, அதுக்குக் கால் இல்ல.”

“அஞ்சலையக்கா, வாய் காட்டாதேங்கோ. எனக்கும் மேலை ஆள் இருக்கு.”

“எங்க தோட்டத்துக் கங்காணியும் இதேதான் சொன்னான். அவன் சாகுறப்ப தூக்க நாலு பேர் வரல.”

விக்னராஜா எண்பத்துமூன்றில் கொழும்பில் வீடு எரிய, போட்ட சட்டையோடு ஓடி வந்தவர். கெட்டவர் அல்ல. அதனால்தான் அஞ்சலைக்கு அவர்மேல் கூடுதல் கோபம். அவர் தேத்தண்ணி குடிக்கப் போனதும், நகவெட்டியை எடுத்து நாலு சாட்டையையும் நறுக்கிக் குப்பையில் போட்டாள். சாட்டை போனதும் நாலு பொம்மைகளும் இத்தனை வருஷமாக இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதுபோல விழித்து, மேசையை விட்டு இறங்கிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிட்டன. மற்ற நாற்பதும் அப்படிப் படுக்கவில்லை. அவற்றை எழுப்பியது சாட்டை அல்ல, வயிற்றில் இருந்த எழுத்து. பெயர் கூப்பிட்டால் யாராவது இருக்கேன் என்று சொல்லியாகவேண்டும் என்பது அந்த எழுத்து. யாராவது என்றுதான் இருந்தது, பொம்மைதான் என்று இல்லை. அஞ்சலை டாக்டரிடம் மூன்று தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

1995 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நீக்கப்பட்ட நாலு பெண்களும் ஐந்தரை மணிக்கு வந்து அஞ்சலை பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். அவர்களுடைய கதவு அட்டைகளைத் திருப்பி வாங்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. விக்னராஜா ஒருமுறை பார்த்துவிட்டுக் கடுதாசியில் கண்ணை வைத்துக்கொண்டார். ஒன்று என்றார். பொம்மை வாய் திறக்குமுன் அஞ்சலை “இருக்கேன்” என்றாள். இரண்டு என்றார். சத்தியபாமா “ஓம், இருக்கிறன்” என்றாள். ஐந்து பெண்கள் நாற்பது நம்பருக்கும் குரலை மாற்றி மாற்றிப் பதில் சொன்னார்கள். பதினேழு என்றபோது ஐந்து பேரும் சேர்ந்து சொன்னார்கள். மூவாயிரம் வருஷமாகப் பிறருக்குப் பதில் சொல்லிவந்த பொம்மைகளுக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாக வேறொருவர் பதில் சொன்னார்கள். அவை கட்டிய கையை அவிழ்த்துத் தொங்கவிட்டு, பெட்டிக்குள் பஞ்சில் சாய்ந்து கண்ணை மூடின. நாற்பது சரி போட்டு முடிந்ததும் பெண்கள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். சம்பளம் இல்லாத பெயருக்கு வேலை செய்ய அவர்களுக்கு என்ன பைத்தியமா?

ஒன்பது மணிக்கு மேனேஜர் வந்தபோது தரை அழுக்காகக் கிடந்தது, குப்பைத்தொட்டி வழிந்தது, பொம்மைகள் குறட்டை விட்டன. அவர் விக்னராஜாவைப் பிடித்து உலுக்கினார். யார் இவை, யாருடைய ஆட்கள், யார் பொறுப்பு? விக்னராஜா பெட்டிப் பக்கம் திரும்பினார். பெட்டியின் மேலிருந்த அட்டையைப் பார்த்து, பெரட்டில் கூப்பிடுகிற அதே குரலில், வேறு குரல் அவரிடம் இல்லாததால், “ஹோரி!” என்று கத்தினார்.

ஒரு பொம்மையும் பதில் சொல்லவில்லை. வாசல் பெஞ்சில் இருந்த பெண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சவப்பெட்டியின் மூடி மெதுவாக நகர்ந்தது. உள்ளேயிருந்து, துணி சுற்றிய, மெலிந்த, ஆயுசில் ஒரு குடம் தண்ணீர் தூக்கியிராத கையொன்று வெளியே வந்து விளிம்பைப் பிடித்தது. “இருக்கேன்,” என்றது உள்ளே ஒரு குரல், மிகவும் வேண்டாவெறுப்பாக.

ஹோரிக்குத் துடைப்பம் பிடிக்கத் தெரியவில்லை. அஞ்சலை பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பிடித்துக் காட்டினாள். “தலைகீழாப் பிடிச்சிருக்கய்யா. கோயில் சோறு தின்ன உடம்புதானே, குனி,” என்றாள். தண்ணீர் பட்டால் அவன் துணி ஊறிப் பிய்ந்துவிடும், ஆகவே ஈரவேலைக்கு ஆகமாட்டான். கிழக்கு வாசலில் காற்றுக் கொண்டுவந்து சேர்க்கிற மண்ணைக் கூட்டி மேற்குப் பக்கம் கொட்டுகிற வேலை ஒன்றுதான் அவனால் முடிந்தது. ஈரவேலைக்கு மனுஷர் வேண்டும் என்று தெரிய மேனேஜருக்கு ஒன்பது நாளும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழுக்கி விழுந்த ஒரு பெரிய புகாரும் தேவைப்பட்டன. பத்தாம் நாள் காலை விக்னராஜா பழைய கடுதாசியைக் கொண்டுவந்தார். முதல் பெயரைக் கூப்பிடுமுன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சத்தியபாமா.”

“ஓம், இருக்கிறன்.”

அவர் சரி போட்டார். அவளுடைய பெயரை அதற்குப் பிறகு யாரும் அடிக்கவில்லை. மகள் அந்த ஆண்டே பல்கலைக்கழகம் போனாள், இன்றைக்குப் பொயிண்ட் குக்கில் பல் டாக்டர். மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போனார், அங்கேயும் பொம்மை தேடினார் என்று கேள்வி. டாக்டர் ஹெலன் பெட்டியின் அட்டையை மாற்றி, நாற்பத்துநாலு தொழிலாளிகள், ஓய்வில், என்று எழுதி வைத்தார். பதினேழாம் நம்பருக்குக் கால் ஒட்டினார்கள். காலியான சவப்பெட்டியைப் பார்க்க வருகிறவர்கள் ஆளைக் கேட்டால், காவல்காரர் கிழக்கு வாசலைக் கையால் காட்டுவார். படம் எடுக்கலாம், வேலையைக் கெடுக்கக் கூடாது.

2009 ஏப்ரலில் சத்தியபாமா ஓய்வுபெற்ற நாளன்று பெரட்டு வழக்கம்போல ஐந்தரை மணிக்கு நடந்தது. அஞ்சலை ஓய்வுபெற்று நாலு வருஷமாகியிருந்தது, இருந்தாலும் கேக் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள். விக்னராஜாவின் தலை முழுக்க நரைத்திருந்தது. எல்லாப் பெயரும் முடிந்து கடைசியாக ஹோரி என்று கூப்பிட்டார். சவப்பெட்டியிலிருந்து சத்தம் வரவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டார். பொம்மைகள் பஞ்சில் புரண்டு படுத்தன. விக்னராஜா வரிசையை ஒருமுறை பார்த்தார். ஒவ்வொருத்தியும் மற்றவளுக்காகப் பதில் சொல்லிப் பழகிய பெண்கள்தான், ஹோரிக்காக ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மூடி நகர்ந்து, பெருமூச்சோடு ஒரு கால் வெளியே வந்தபோது மணி ஐந்து முப்பத்தெட்டு. விக்னராஜா கடுதாசியில் அரைப்பேர் போட்டார்.