பேசாத டீச்சருக்கு ஒரு வேலை

கதையில் யானை தும்மும் இடத்தில்தான் டீச்சரின் குரல் போனது. நாலு வயசுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். தும்மலுக்காக அவள் மூச்சை இழுத்தாள். வந்தது வெறும் காற்று. அதுவும் கதையில் ஒரு சேட்டை என்று நினைத்து பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இன்னொரு தடவை டீச்சர்," என்றார்கள். அவள் இன்னொரு தடவை முயன்றாள். தொண்டைக்குள் நூல் அறுந்த மாதிரி வலித்தது.

குரல் நாண்களில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் தொண்டை டாக்டர். ஆபரேஷன் செய்து எடுத்த பிறகு, "புண் ஆறுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னு பேசினாலும் தப்புதான், அது இன்னும் மோசம். ஆறினதுக்கப்புறமும் வீட்டுப் பேச்சோட நிறுத்திக்குங்க. மறுபடியும் வகுப்புல நின்னு கத்தினா இருக்கிற குரலும் போயிடும்," என்று சொல்லி அனுப்பினார்.

நர்சரி நடத்தும் அம்மாள் கெட்டவர் இல்லை. வீட்டுக்கே வந்து பார்த்தார், கையைப் பிடித்துக்கொண்டார். "வாயில்லாம இந்த வானரங்களை எப்படிம்மா கட்டி மேய்ப்பே? மனசு கேக்கல. ஆனா வேற ஆளை எடுத்துட்டேன்," என்றார்.

டீச்சரின் கணவன் மோட்டார் மெக்கானிக். தண்ணீர் இறைக்கும் மோட்டாரைச் சுவிட்ச் போட்டு, காதைக் கொடுத்து, எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். ஐந்து வயசில் ஒரு மகள், ஒண்ணாம் வகுப்பு. இரண்டு சம்பளத்தில் ஓடிய வீடு. அதனால் டீச்சர் எழுந்து நடமாடத் தொடங்கிய நாளிலிருந்தே வேலை தேடினாள். கையடக்கமான வெள்ளைப் பலகையும் மார்க்கர் பேனாவும்தான் அவளுடைய வாய்.

அக்கா வந்தாள். "துணிக்கடையில பில் போட ஆள் கேக்கறாங்க. உக்காந்த வேலை, பேச வேண்டாம்," என்றாள்.

டீச்சர் பலகையில் எழுதினாள்: "பிள்ளைங்க, எழுத்து. இது ரெண்டும் இருக்கிற வேலைதான் வேணும்."

அக்கா படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பேசறப்பவே உன் பிடிவாதத்துக்கு ஈடு கொடுக்க முடியாது. இப்ப எழுதி வேற காட்டுறே."

அது பிடிவாதம் மட்டும் இல்லை. எழுத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பிள்ளை, ஒரு நாள் பொம்மை பஸ்ஸின் நெற்றியில் தன் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுபிடித்து, "டீச்சர், நான் இங்க இருக்கேன்" என்று ஓடி வருமே, அந்த நிமிஷத்துக்காக அவள் வருஷக்கணக்கில் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டுவிட்டு வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் குழந்தைப் புத்தகங்கள் போடும் பதிப்பகத்துக்குப் போனாள். அவர்கள் கொடுத்த புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டு வரி இருந்தது. நாலு வயசுக்கு இரண்டு வரி போதும் என்று எழுதிக் காட்டினாள். பதிப்பாளர் சிரித்தார். "வாங்கறது பிள்ளையா? அப்பா அம்மா. எழுத்து நிறைய இருந்தாத்தான் அறிவு நிறைய வரும்னு நினைப்பாங்க." பிறகு, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசி விற்கிற ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

நூலகத்தில் குழந்தைகள் பகுதி இருந்தது, பூட்டியிருந்தது. "திறந்து விட்டா கிழிச்சுடறாங்க," என்றார் நூலகர். அந்த வேலைக்குத் தனிப் படிப்பு வேண்டுமாம். கண்ணாடிக்குப் பின்னால் புதுசு கலையாமல் நின்ற புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே டீச்சர் படியிறங்கினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுவதில் ஒரு வசதி, பக்கத்து சீட்டுக்காரருக்குக்கூடத் தெரியவில்லை.

வெளியே அலைந்த அலைச்சலைவிட வீட்டில் நடந்தது அவளை அதிகமாக வாட்டியது. கணவன் அவள் எழுதுவதைப் பார்ப்பதே இல்லை. பலகையை நீட்டினால் ஒரு பார்வை, ஒரு "ம்", அவ்வளவுதான். பால் வாங்கி வாருங்கள் என்று எழுதினால் ரொட்டியோடு வந்து நிற்பான். போனில் எழுதி அனுப்பினால், "வந்துட்டே இருக்கேன் டீச்சரு" என்று குரல் பதிவு வரும். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இருக்காது. குரல் போனதோடு தானும் செல்லாக் காசாகிவிட்டதாக நினைத்தாள். பிறகு எழுதுவதையும் குறைத்துக்கொண்டாள். மகள் மட்டும் பலகையைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, பதிலுக்குப் பூனை வரைந்து கொடுப்பாள்.

போனில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் செயலி செய்கிற கம்பெனி ஒன்று நேர்காணலுக்கு அழைத்தது. அன்று காலை மகளுக்குக் காய்ச்சல். கணவன் லீவு போட்டான். டீச்சர் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டினாள்: "காய்ச்சல் ஏறினால் வெள்ளை மூடி பாட்டில், அரை மூடி. நீல மூடி என் மருந்து. பாப்பாவுக்குக் கொடுக்கக் கூடாது." அவன் தோளைத் தட்டி, தாளைக் காட்டினாள்.

"ம். பாத்துக்கறேன். நீ கிளம்பு," என்றான்.

கம்பெனியில் எல்லாம் கண்ணாடி அறைகள். பேட்டி எடுத்த பெண்ணுக்கு டீச்சர் எழுதிக்கொண்டு போன கதைகள் பிடித்திருந்தன. "ஆனா ஒரு கதையை ஒரு நிமிஷத்துல முடிக்கணும். நடுவுல குழந்தை நட்சத்திரம் சேர்க்கணும். சேர்ந்ததும் அடுத்த கதை."

டீச்சர் எழுதினாள்: "பிள்ளைங்க அதே கதையைத் திரும்பக் கேப்பாங்க. அப்பத்தான் வார்த்தை ஒட்டும்."

"திரும்பக் கேட்டா எங்களுக்கு லாபம் இல்லையே மேடம்."

அப்போது போன் அடித்தது. கணவன். குரல் போனதிலிருந்து யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை. பேச முடியாதவளை எதற்குக் கூப்பிடுகிறான்? எடுத்துக் காதில் வைத்தாள்.

"பாப்பா கண்ணைத் திறக்க மாட்டேங்குறா. மருந்து கொடுத்தேன், தூங்கினா, இப்ப எழுப்பினா எழும்ப மாட்டேங்குறா. கை கால் எல்லாம் தொவண்டு கிடக்கு. என்ன பண்ணட்டும்? சொல்லு. ஏதாவது சொல்லு."

எந்த பாட்டில் என்று கேட்க வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னதெல்லாம் காற்றில் போயிற்று. முழு பலத்தோடு கத்தினாள். அறைக்குள் ஒரு கிறீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பேட்டி எடுத்த பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். டீச்சர் போனை அவள் கையில் திணித்து, பலகையில் கோணல் மாணலாக எழுதினாள்: "ஆஸ்பத்திரி. நீல மூடி பாட்டிலையும் எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகளைக் குழந்தைகள் வார்டில் சேர்த்திருந்தார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், புறங்கையில் ஊசி. "பெரியவங்களுக்கான மருந்து. தூக்கம் வரவைக்கும். அளவு கொஞ்சம்தான், நேரத்துக்குக் கொண்டு வந்துட்டார். ஆனா எழுந்திருக்கிற வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

கணவன் வராந்தா பெஞ்சில் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவன் எதிரில் நின்று எழுதினாள். மார்க்கர் முனை நசுங்கும் அளவுக்கு அழுத்தி எழுதி, பலகையை அவன் மடியில் போட்டாள்.

அவன் அதை எடுத்தான். ரொம்ப நேரம் பார்த்தான். உதடு அசைந்தது, நின்றது. அந்தப் பக்கமாகப் போன தலைமை நர்சிடம் பலகையை நீட்டினான்.

"சிஸ்டர், இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

நர்ஸ் வாங்கிச் சத்தமாகவே படித்தார். "எழுதி வைத்துவிட்டுத்தானே போனேன். நான் எழுதுவதைப் பார்க்கக்கூட உங்களுக்குப் பிடிக்கவில்லையா?" கடைசி வரிக்கு வந்தபோது அவர் குரல் இறங்கியது. "பிள்ளையைக் கொல்லப் பார்த்தீர்களே."

நர்ஸ் பலகையைப் பெஞ்சில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணாவது பாதியில பட்டறைக்குப் போயிட்டேன்," என்றான் அவன், தரையைப் பார்த்தபடி. "நம்பர் தெரியும். கையெழுத்துப் போடுவேன். உங்க வீட்டுல எட்டாவதுன்னு சொன்னது எங்க மாமா. அதை மாத்திச் சொல்ல வாய் வரல. டீச்சர்கிட்ட போய் எப்படிச் சொல்றது? நீ பேசிட்டிருந்த வரைக்கும் தேவையும் படல. போன்ல நீ எழுதறதைப் பட்டறையில ஆள் இருந்தா படிச்சுச் சொல்வாங்க, இல்லேன்னா குத்துமதிப்பா ஏதாவது சொல்லி வைப்பேன். வீட்டுல யாரைக் கேப்பேன்? பாப்பாவையா?"

"பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாமே" என்று எழுதப்போனாள். பேனாவை எடுத்தவள் மூடிவிட்டாள். யாருக்காக எழுதுவது?

கோபம் போகவில்லை. அதற்குள்ளேயே இன்னொன்றும் சேர்ந்து குடைந்தது. வருஷா வருஷம் பிள்ளைகளின் பையில் கதைப் புத்தகம் வைத்து, வீட்டில் படித்துக் காட்டுங்கள் என்று சீட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பிரிக்காமலே திரும்பி வந்த புத்தகங்களைப் பார்த்து, அக்கறை கெட்ட குடும்பம் என்று பொருமியிருக்கிறாள். அந்தச் சீட்டையே படிக்கத் தெரியாமல் எத்தனை பேர் வைத்துக்கொண்டு நின்றார்களோ.

சாயங்காலம் மகள் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள். கணவன் வராந்தாவுக்கு வந்து, முகத்தைச் சுவரில் வைத்துக்கொண்டு குலுங்கினான். டீச்சர் அவன் பக்கத்தில் போகவில்லை. போகவும் முடியவில்லை, விட்டுவிட்டு நகரவும் முடியவில்லை.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது, தலைமை நர்ஸ் மருந்துகளை எடுத்து அவனுக்கே சொன்னார். ஒவ்வொரு மூடியையும் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு டீச்சரிடம், "உங்களுக்குத்தான் இது புதுசு. இங்க தினமும் நடக்கும். நாங்க எழுதிக் கொடுக்கறதைத் தலையாட்டி வாங்கிட்டுப் போவாங்க. கேட்டா கண்ணாடி கொண்டு வரலைம்பாங்க," என்றார்.

அந்தப் பேச்சு டீச்சரைத் தூங்க விடவில்லை. இரண்டு நாள் கழித்து அவரிடமே திரும்பிப் போனாள். வெளிநோயாளிகள் ஹாலில் பிள்ளைகளோடு அப்பா அம்மாக்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அங்கே ஒரு பாய், கொஞ்சம் புத்தகம். நான் படித்துக் காட்ட மாட்டேன், அவர்களைப் படித்துக் காட்ட வைக்கிறேன் என்று எழுதிக் காட்டினாள்.

"அப்படி ஒரு வேலையே இங்க கிடையாதும்மா."

மறுபடியும் போனாள். மறுபடியும் இல்லை என்றார்கள். துணிக்கடை வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக அக்கா திட்டினாள். தொண்டை டாக்டரோ, அன்றைக்குக் கத்திய கத்தலில் பழைய குரல் இனி வராது, கிடைக்கிறதை வைத்துச் சமாளியுங்கள் என்றார். எல்லாக் கதவும் அடைபட்டுவிட்டதென்று அவள் கைவிட்டிருந்த சமயத்தில் தலைமை நர்ஸ் கூப்பிட்டனுப்பினார். மேலிடத்தில் பேசிப் பார்த்தாராம். காலை நேரம் மட்டும், பாதிச் சம்பளம், வருஷக் கடைசி வரைக்கும் பார்க்கலாம், அதற்கு மேல் உறுதி இல்லை.

முதல் வாரம் பாயில் யாரும் உட்காரவில்லை. செருப்பைக் கழற்ற வேண்டுமே என்று சுற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் இருமலோடு ஒரு சின்னப் பெண் தானாக வந்து புத்தகத்தை எடுத்துத் தன் அப்பா கையில் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி கொண்டு வரலையே," என்றார்.

டீச்சர் தலையாட்டினாள். அந்தப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, எழுத்தே இல்லாத படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள். படத்தில் ஆட்டுக்குட்டி சேற்றில் மாட்டியிருந்தது. அவர் மெல்ல, "இது எங்க மாட்டிக்கிச்சு பாத்தியா," என்று ஆரம்பித்தார். அந்தச் சின்னப் பெண் இருமலை மறந்து அவர் மடியில் ஏறினாள். டோக்கன் நம்பர் கூப்பிட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. போகும்போது, "அந்த எழுத்து இருக்கிற புத்தகம் நாளைக்கும் இருக்குமா?" என்று மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் டீச்சரிடம் கேட்டார்.

வீட்டில் அவ்வளவு சுலபமாக எதுவும் நடக்கவில்லை. கணவன் அவளிடம் கற்றுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டான். "உன்கிட்ட மட்டும் வேண்டாம்," என்றான். வெறுப்பில்லை, வெட்கம். மகள் வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்தில் உட்காரத் தொடங்கினான். ஒரு நாள் "முதலை" என்பதை "முதலாளி" என்று படித்து, மகள் உருண்டு சிரித்ததும், புத்தகத்தை வீசிவிட்டுத் தெருவில் இறங்கிப் போய்விட்டான். இரண்டு நாள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் கையைக் கழுவிவிட்டு வந்து, "எங்க விட்டோம்?" என்று மகளிடம் கேட்டான்.

டீச்சர் அடுப்படியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவன் ஒரு வார்த்தையில் முட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு இப்போது கரகரவென்று ஒரு குரல் இருந்தது. அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க அது போதும். அவள் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு நின்றாள். மகளும் சொல்லிக் கொடுக்காமல் காத்திருந்தாள். கூடத்திலிருந்து, ஒவ்வொரு எழுத்தாக, அவன் அதை உருட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.