ரோஜா ஞாயிறுக்கு ஓர் உடை

1

இந்தக் கதை ஒரு ஜவுளிக் கடையில் தொடங்கியது. பாதிரியாரான என் நண்பர், பூசை உடை தைக்க ரோஜா நிறத் துணி கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னார். கத்தோலிக்கக் கோயிலில் ஆண்டுக்கு இரண்டே ஞாயிறுகளில் அந்த நிறம் வரும். கிறிஸ்துமஸுக்கு முன் ஊதா உடை உடுத்தும் வாரங்களின் நடுவே ஒன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் நடுவே ஒன்று. காத்திருப்பு பாதி முடிந்தது, கொஞ்சம் மகிழுங்கள் என்று பொருள். கட்டாயமில்லை; ஊதாவே போதும். அதனால்தான் பல கோயில்களில் அந்த உடை இருப்பதில்லை.

கள்ளக்குறிச்சிக் கடையில் பஞ்சு மிட்டாய் நிறம் காட்டினார்கள். வெங்காயத் தோல் நிறம் காட்டினார்கள்.

"பாப்பா எத்தினியாவது சார் படிக்குது?" என்றார் கடைக்காரர்.

"பாதிரியாருக்குங்க."

அவர் துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

வெறுங்கையோடு பஸ் ஏறியபோது தோன்றியது: வாங்கக் கிடைக்காத நிறம் தவறுதலாக உண்டாகலாமே. வெள்ளையோடு ஒரு சிவப்பு ஊறினால் போதும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'கல்வராயன் மலைமேல் பனி இறங்கிய ஒரு டிசம்பர்க் காலையில்...' இது வேண்டாம். பனி எல்லாக் கதையிலும் இறங்குகிறது.

அடுத்தது: 'நிர்மலா வாளியைப் பார்த்தாள்.' இது நிற்கும்.

நிர்மலா, கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறு கோயிலைப் பெருக்கி, அதன் துணிகளைத் துவைத்துக் கொடுப்பவள். கிறிஸ்துமஸுக்காக வெள்ளைப் பூசை உடையை வெந்நீரில் ஊறவைத்தாள். அந்தக் கோயிலின் சாமியார் சவரிநாதன் குருப்பட்டம் பெற்றபோது அவருடைய அம்மா தன் கையால் தைத்த உடை அது. அம்மா இப்போது உயிரோடு இல்லை. அதே வாளியில், ஏதோ விழாவில் சாமியாருக்குப் போர்த்திய சிவப்புச் சால்வையையும் போட்டாள்.

(ஏன் போட்டாள்? ஒரு வரைவில் அவளுக்குச் சாமியார்மேல் பழைய கோபம் ஒன்று இருந்த— இல்லை. காய்ச்சிய வெந்நீர் ஒரு வாளிதான் இருந்தது. அவ்வளவுதான்.)

3

சனிக்கிழமை. மறுநாள் ரோஜா ஞாயிறு. தியாகதுருகத்தில் தையல் கடை வைத்திருக்கும் நாத்தனார் கோகிலவாணியிடம், திட்டுத்திட்டாகச் சிவந்துபோன உடையோடு ஓடினாள் நிர்மலா.

"இன்னா அண்ணி, சாமி உடுப்புக்குத் தேமல் வந்துடுச்சா?"

"சிரிக்காதடி. அவரு அம்மா தச்சது. கிறிஸ்மஸுக்கு இதத்தான் போடுவேன்னு சொல்லிக்கினு இருக்காரு."

"இனிமே இது வெள்ளையாவாது. முழுசா ரோஸாக்கிடலாம். ரோஸ் உடுப்பு இல்லியேன்னு அவருதான கொறபட்டாரு? புதுசுன்னு குடுத்துடு."

"வெள்ளய கேட்டா?"

"எலி கடிச்சிடுச்சுன்னு சொல்லு."

"கோயில் எலி மேல பொய்யா பழி போடச் சொல்றியா?"

ஆனாலும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பருத்தி சாயத்தைக் குடிக்கும். கொதிநீரில் சாயத்தூளைக் கரைத்து உப்புப் போட்டால், உப்பு அந்தச் சாயத்தை நூலுக்குள் தள்ளும். துணியைக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் திட்டு விழும். இருவரும் மாறி மாறிக் கிண்டினார்கள். எடுத்து உதறியபோது, நான் கடையில் தேடிய அதே நிறம்.*

* ஆனால் இந்தச் சாயத்தைப் பாலியஸ்டர் குடிக்காது. அம்மா தைத்தது பாலியஸ்டர் நூலில்.

வெள்ளைக்குள் வெள்ளையாக மறைந்திருந்த தையல் முழுதும் ரோஜாவின்மேல் எழுந்து நின்றது. விளிம்பில் கோணிப் போன ஓட்டம். தோளில் பிரித்து, திரும்பவும் தைத்த இடம். நெஞ்சில் ஒரு சிலுவை, ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக.

4

கோகிலவாணி பிளேடை எடுத்தாள். "பிரிச்சுட்டு ரோஸ் நூல்ல ஓட்டிடறேன். யாராலயும் கண்டுபுடிக்க முடியாது."

நிர்மலா தையலைக் கையால் மூடிக்கொண்டாள். "அதுல கை வெக்காத."

"அப்ப மாட்டிக்குவ அண்ணி. வேல பூடும்."

"தெரியுது."

(பிளேடு இறங்கும் முடிவையும் எழுதிப் பார்த்தேன். உடை பிரமாதம் என்று ஊரே பாராட்டுகிறது. பூசை முடிந்ததும் சவரிநாதன், "அம்மாவோட வெள்ளைய இஸ்திரி போட்டு வைங்க" என்கிறார். அடுத்த வரி எனக்கு வரவில்லை.

இன்னொன்றில் அவள் அன்று மாலையே போய் அழுகிறாள், அவர் மன்னித்துவிடுகிறார். அது அவர் தந்த மன்னிப்பல்ல, அவசரத்தில் நான் தந்தது. கிழித்துவிட்டேன்.)

5

ஞாயிறு காலை. முதல் மணி அடித்தாகிவிட்டது. பீடத்துக்குப் பின்னால் உடைமாற்றும் அறை. ஆணியில் ஊதா உடை தொங்குகிறது. மேசையில் ரோஜா உடை, சிலுவை மேலே தெரியும்படி. மடித்தும் வைத்திருக்கலாம், நிர்மலா விரித்தே வைத்தாள்.

"அட, ரோஸ்! ஏது நிர்மலா இது?" சவரிநாதன் சிரித்தபடி அதைத் தலைக்கு மேல் தூக்கினார். தோள் தையல் கண்ணுக்கு நேராக வந்தது. கைகள் அங்கேயே நின்றன. மெல்ல இறக்கி, பிரித்துத் தைத்த இடத்தை விரலால் தடவினார். சிரிப்பு போயிருந்தது.

"இத யாரு தச்சது?"

"உங்க அம்மா தச்சதுதாங்க சாமி. நான்தான் சேப்புச் சால்வையோட ஊறப்போட்டுக் கெடுத்துட்டேன். அப்புறம் சாயமும் போட்டேன்."

('அவர் கண்கள் கலங்கின' என்று எழுதி அடித்துவிட்டேன். கோபமாகவும் இருக்கலாம்.)

வெளியே பாடல் ஆரம்பித்துவிட்டது. ஆணியில் ஊதா, அவர் கையில் ரோஜா.

இந்த அறைக்குள் இனி நான் இருக்கப் போவதில்லை. நிர்மலாவையும் வெளியே வரச் சொல்லிவிட்டேன். அவர் எந்த உடையில் வருகிறார் என்பது கோயிலுக்குள் நிற்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு நீங்கள் உள்ளே போங்கள். அவளுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.