சோடாவும் நீலக் கோப்பையும்

நிருஷாவிடம் ஒரு சட்டத்தைச் சொல்லிவிட்டால், சொன்னவர் மறந்தாலும் அவள் மறக்க மாட்டாள். அப்படிப்பட்ட பிள்ளை. கொழும்பில் சமூகப்பணிப் பட்டப்படிப்பில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தவளை, 2008 கடைசியில் களப்பயிற்சிக்கென்று தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அம்மா பிலோமினம்மாவின் கைச்சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டம் வாங்கப்போகிறோம் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புறப்படும்போது மேற்பார்வை மெடம் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: போகிற வீடுகளில் கை நனைக்கக் கூடாது. தேத்தண்ணியும் அதில் அடக்கம்.

அதே மெடம் வகுப்பில் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார். பிறருடைய பண்பாட்டைக் காயப்படுத்தாமல் வேலை செய்வது எப்படி என்று ஒரு பாடம். நாம் பக்குவமாக நடந்தோமா இல்லையா என்று நாமே நமக்கு மார்க் போட்டுக்கொள்ள முடியாது, எதிரில் இருப்பவர்தான் போட வேண்டும் என்பது அதன் சாரம். நிருஷா அந்தப் பாடத்தில் முதலாவதாக வந்தவள். முதலாவதாக வருகிறவர்களுக்கு வருகிற வியாதி அவளுக்கும் வந்தது. பாடம் அத்தோடு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒப்படைத்த பொறுப்பு ஷாமிளா என்ற பிள்ளை. பணிய லயம் என்ற கீழ்ப்பக்கத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் சுப்பம்மாவின் ஒரே மகள். தகப்பன் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் கெட்டிக்காரியாக இருந்தவள், நவராத்திரி முடிந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டாள். காரணம் கேட்ட வாத்தியாரிடம் படிப்பு ஏறவில்லை என்றாளாம். பொங்கல் கழிந்ததும் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவதாகப் பேச்சு முடிந்திருந்தது. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது அவளை வெள்ளைச் சட்டையோடு பஸ் ஏற்றாவிட்டால், பிறகு யார் வீட்டுச் சட்டி பானையோடோ அவள் காலம் போய்விடும்.

முதல் நாள் சுப்பம்மா தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். நிருஷா பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்றாள். வாய்க்கு வந்த ஒரு பொய். சுப்பம்மா கிளாஸைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த தடவை போனபோது மேசையில் ஒரேஞ்ச் சோடா நின்றது. இவள் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து, உறிஞ்சுகுழலும் போட்டு வைத்தாள் சுப்பம்மா. திறந்த சோடாவை எப்படித் தட்டுவது? பெக்டரியில் மூடிய போத்தல்தானே, வீட்டில் சமைத்ததில்லையே என்று சட்டத்துக்குள் ஒரு சந்து கண்டுபிடித்துக் குடித்தாள். அதற்கப்புறம் போகும்போதெல்லாம் சோடாதான். என்ன மரியாதை, என்ன உபசாரம் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையடித்தாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்றால் மட்டும் "ஹரி மிஸ், ஹரி மிஸ்" என்று தலையாட்டுவாள் சுப்பம்மா. அந்தப் பக்கத்தில் சரி என்பதற்குப் பாதி நேரம் ஹரிதான். ஆனால் காரியம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஷாமிளா குசினி வாசலைத் தாண்டி வெளியே வரவே இல்லை.

உண்மையைப் போட்டு உடைத்தவர் சந்திக் கடை ஹுஸைன் நானா. வெறும் போத்தல்களை அடுக்கிக்கொண்டே, மிஸ் வரத் தொடங்கிய பிறகு பணிய லயத்துக்கு சோடா நன்றாகப் போகிறது என்றார். முன்பெல்லாம் கணக்கப்பிள்ளையோ கோயில் கமிட்டிக்காரரோ வந்தால்தான் சுப்பம்மா வாங்குவாளாம். ஏன் என்று கேட்டாள் நிருஷா. இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அவர் பார்த்தார்.

"அந்த லயத்துல தேத்தண்ணி குடிக்காத ஆக்களுக்கு வேற என்னத்தக் குடுக்குறது மிஸ்?"

நிருஷாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சாதி பார்த்துத்தான் தேத்தண்ணியை மறுத்தாள் என்றல்லவா அந்த வீட்டில் நினைத்திருக்கிறார்கள். சாதி என்பது அவளுக்குப் பரீட்சைக்குப் படிக்கும் ஓர் அத்தியாயம். அதையே ஒவ்வொரு தடவையும் உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்திருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது. மெடத்துக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அந்தச் சட்டம் போட்டபோது நான் இதை யோசிக்கவில்லை, உனக்குச் சரியென்று பட்டதைச் செய் என்றார்.

மறுநாள் போய், சோடா வேண்டாம், தேத்தண்ணிதான் வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தாள். குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னது பொய் என்றும், அந்தச் சட்டத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள். சுப்பம்மா அடுப்பை மூட்டினாள். இவள் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறாளா என்று குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் ஷாமிளா. கிளாஸ் காலியான பிறகுதான் சுப்பம்மாவுக்கு வாய் திறந்தது.

பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்கு ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவரச் சொன்னார்களாம். சுப்பம்மா விடியற்காலையில் எழும்பித் தேங்காய்ப்பூ போட்டுக் கடலை அவித்துக் கொடுத்தாளாம். மற்றப் பிள்ளைகளின் சட்டியெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி வந்தது. ஷாமிளாவின் சட்டி மட்டும் மூடி திறக்காமல் அப்படியே வீடு வந்தது. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. தொடவும் இல்லை.

நிருஷாவுக்கு மனசு கொதித்தது. கொதிப்பில் வாயை விட்டாள். "எங்க வீட்டுல அதெல்லாம் கெடையாதுக்கா. நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்குப் போறவங்க."

சுப்பம்மா கோபப்படவில்லை. "உங்க வீடு, தோட்டத்து ஆளுங்கள மேய்ச்ச பழைய கங்காணி வீடுதானே மிஸ்? எங்கண்ணன் அங்க கான் வெட்ட வந்திருக்கு. அதுக்கு எதுல டீ குடுத்தாங்கன்னு கேட்டுப் பாருங்க."

கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் வீட்டுப் பின்வாசல் ஆணியில் ஒரு நீல இனாமல் கோப்பை கவிழ்ந்து தொங்கும். சாக்கடைக் கான் துப்புரவாக்க, கக்கூசு கழுவ வருகிறவர்களுக்கு அதில்தான் ஊற்றுவது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கோப்பை. ஏன் அது உள்ளே வருவதில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நத்தார் பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் ஷாமிளா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "போவோம்மா. போயிட்டு வந்து பள்ளிக்கூடத்தப் பத்திப் பேசுவோம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பிலோமினம்மா கோபத்தில் துள்ளிக் குதித்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், நான் சாதி பார்ப்பவளா என்றாள். அப்படியானால் அந்த நீலக் கோப்பை என்று நிருஷா இழுத்தாள். அது பழக்கம் என்றாள் தாய். சொன்ன பிறகு அவளுக்கே அது நன்றாகப் படவில்லை போலிருக்கிறது. கோப்பையை எடுத்து ஒளித்துவிடலாமா என்று நிருஷாவுக்குக் கை துறுதுறுத்தது. அது நாடகமாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

நத்தார் கழிந்த மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள். பிலோமினம்மா வாசல் வரை போய்க் கூட்டிவந்தாள். கேக், முறுக்கு, கொக்கிஸ் எல்லாம் பரப்பினாள். அதற்குமேல் ஒரு படி போய், ஷோகேஸில் பூட்டியிருந்த பூப்போட்ட கிளாஸ் இரண்டைக் கழுவித் துடைத்து, பால் தேத்தண்ணி ஊற்றி வந்தவர்கள் முன்னால் வைத்தாள். தனக்கும் மகளுக்கும் வழக்கமான கிளாஸ்களில் ஊற்றிக்கொண்டாள்.

சுப்பம்மாவின் கை மடியை விட்டு எழவில்லை. நிருஷாவுக்குப் புரிந்துவிட்டது. போச்சு, இதுவும் சோடாவாகிவிட்டது!

"நீங்க மட்டும் ஏன் வேற கிளாஸ்ல குடிக்கிறீங்க?" ஷாமிளா பிலோமினம்மாவைத்தான் கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பிலோமினம்மா எழும்பி எல்லாத் தேத்தண்ணியையும் கேத்தலிலேயே திருப்பி ஊற்றிக்கொண்டு விறுவிறென்று குசினிக்குப் போனாள். திரும்பி வரும்போது தட்டில் தினமும் புழங்கும் கிளாஸ்கள் மூன்று. நாலாவது அந்த நீலக் கோப்பை. கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கிளாஸ்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் தானே எடுத்து வாயில் வைத்தாள்.

வைத்த வேகத்தில் இறக்கினாள். "அடியே, ஒதட்டப் பொசுக்கிருச்சே! இத்தன வருஷமா ஒருத்தரும் சொல்லலியே."

சுப்பம்மா தன் கிளாஸைக் கையில் எடுத்தாள்.

"சொல்ற எடத்துலயாக்கா எங்கள வச்சிருந்தீங்க?"

பிலோமினம்மா உதட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண் கலங்கியிருந்தது. ஆனால் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. ஊதி ஊதி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்தாள். சுப்பம்மாவும் குடித்தாள்.

ஷாமிளா ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தாள். இதுவரை நிருஷாவை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாதவள், "அக்கா, பள்ளிக்கூடம் எப்பத் தொறக்குறாங்க?" என்று கேட்டாள்.

தேதி நிருஷாவுக்கு மனப்பாடம். அதோடு காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.