ராணி முகமூடி

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் இராமலட்சுமி தன் தங்கையோடு குளிக்கப் போனாள். அருவிக்குப் போகும் வழியில் ஒரு கடையில் ரப்பர் முகமூடிகள் தொங்கின. குரங்கு, கிழவன், புலி எல்லாம் அவள் கணவன் வீரபாகு தென்காசியில் செய்து அனுப்பியவை. இந்த வருஷம் புதிதாக ஒரு ராணியும் இருந்தாள். கிரீடம், சிவந்த உதடு, மோவாயில் ஒரு சின்னக் குழி. அந்தக் குழி யாருடையது என்று இராமலட்சுமிக்கு உடனே தெரிந்துவிட்டது. குளிக்காமலே திரும்பினாள்.

வீரபாகுவின் பட்டறை முன்பு நெல் கிட்டங்கியாக இருந்தது. சாரல் காலத்தில் அந்தக் கல்தளத்தில் நின்றால் பாதம் மரத்துப்போகும். மலைக்கு அந்தப்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் டின்களில் வரும். பிளாஸ்டர் அச்சுக்குள் அதை ஊற்றி வைத்தால் ஓரமெல்லாம் தோல் கட்டும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு, தோல் காய்ந்ததும் உரிக்க வேண்டும். உரிப்பதும் சாயம் தீட்டுவதும் ரெபேக்காள் வேலை. புருஷனைப் பறிகொடுத்தவள். அச்சன்புதூரிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள்.

"அந்த ராணி யாரு?" என்றாள் இராமலட்சுமி, பட்டறைக்குள் நுழைந்ததும்.

வீரபாகு மறைக்கவில்லை. "மண்ணுல பொம்பள முகம் சரியா வரல. ரெபேக்கா அசையாம இருந்து குடுத்தா. முகத்து மேலயே பிளாஸ்டர் போட்டு அச்சு எடுத்தேன்."

"நீங்கதான் பூசினியளா?"

"பின்ன யாரு பூசுவா?"

கல்யாணமான நாளிலிருந்து தன் முகத்தை அவன் ஒரு தடவையாவது இரு கையாலும் ஏந்தியிருக்கிறானா என்று அவள் யோசித்துப் பார்த்தாள்.

"அப்ப எனக்கும் எடுங்க."

"எதுக்குட்டி?"

"எடுங்கன்னா எடுங்க."

பெஞ்சில் படுத்தாள். அவன் முகமெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, மூச்சு விட மூக்கில் ஆமணக்குத் தண்டு செருகி, பிளாஸ்டரை அப்பினான். முதலில் சில்லென்றிருந்தது, பிறகு இறுக இறுகச் சூடேறியது. கண்ணைத் திறக்க முடியாது, வாயை அசைக்க முடியாது. காது மட்டும் திறந்திருந்தது.

"அண்ணாச்சி, புலி இன்னும் கட்டல" என்றாள் ரெபேக்காள்.

"குளிருதுல்லா. கணப்பு..."

"மூட்டிட்டேன். பக்கத்துல வச்சா..."

"வைக்காத, குமிழி வந்துரும். போன தடவ குரங்குக்கு மூக்கு ரெண்டாச்சே."

இருவரும் சிரித்தார்கள். ஒருவர் பாதியில் விட்டதை மற்றவர் முடித்தார். வீட்டில் அவன் சோறு கேட்பான், உப்பு கேட்பான், படுத்துவிடுவான். இப்படி ஒரு குரல் அவனிடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"மைனிக்குக் குளிருது போல" என்றபடி ரெபேக்காள் எதையோ கொண்டுவந்து அவள் காலில் போர்த்தினாள்.

இராமலட்சுமி விருட்டென்று எழுந்தாள். பாதி இறுகிய பிளாஸ்டர் மடியில் துண்டு துண்டாக விழுந்தது. அலமாரியில் ராணியின் அச்சு இருந்தது. அதை எடுத்து, திறந்திருந்த பால் தொட்டிக்குள் எறிந்துவிட்டு, வெள்ளை பூசிய முகத்தோடு தெருவில் நடந்தாள்.

பிளாஸ்டர் கரைந்தால் பால் திரியும் என்பது அவளுக்குத் தெரியாது. மறுநாள் தொட்டி முழுவதும் கட்டி கட்டியாகக் கிடந்தது. ரெபேக்காள் அதைப் பார்த்துவிட்டு, "நான் இனி வரல அண்ணாச்சி" என்று சொல்லிப் போய்விட்டாள். வீரபாகு மனைவியைத் திட்டவில்லை. புதுப் பால் வந்த அன்று, "உரிக்க ஆளில்ல, நீ வா" என்றான்.

போனாள். ஆசைப்பட்ட இடம்தான். பாலின் நெடியில் கண் எரிந்தது, விரல்கள் விறைத்தன. முதலில் உரித்த புலிக்குக் காது கிழிந்தது. அவன் அடுத்த அச்சை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனான்.

ஒரு நாள் அச்சைத் தட்டிப் பார்த்து, அவளாகவே கேட்டாள்: "இது ஏன் இன்னும் கட்டல?"

அவன் நிமிர்ந்தான். "மழக்காத்துல ஈரம் போக வழியில்ல பாத்துக்க. அச்சு தண்ணிய உறிஞ்சாத்தான்..." என்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. அதே குரல். அது பாலைப் பற்றிப் பேசும்போது வருகிற குரல். கேட்பவர் யாராயிருந்தாலும் வந்திருக்கும்.

அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால், தான் கேட்டிருந்தால் இதை வீட்டிலேயே எப்போதோ பேசியிருப்பானே என்று தோன்றியது. ரெபேக்காள் கேட்டிருக்கிறாள். அந்தப் பொறாமை முந்தியதைவிட அதிகமாகச் சுட்டது. அவள் பிழைப்பைக் கெடுத்ததும் சேர்ந்து உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை அச்சன்புதூருக்குப் போனாள். ரெபேக்காள் கோயிலில் ஜெபம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"வேலைக்கு வா."

"அண்ணாச்சி சொல்லி விட்டாவளா?"

"அவிய சொல்லல. நான்தான் கூப்பிடுதேன்."

ரெபேக்காள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாரேன் மைனி. ஆனா நீங்க இன்னொரு நா பாலக் கெடுத்தா, சும்மா போவ மாட்டேன், நானும் ஒரு வார்த்த சொல்லிருவேன்."

"சொல்லு."

ரெபேக்காள் வந்தாள். இராமலட்சுமியும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. உரிப்பது அவளுக்குக் கைவந்துவிட்டது. வீரபாகு அவளுக்கு ஜன்னலோரம் வெளிச்சமாக இடம் பார்த்துக் கொடுத்தான். அவள் வேண்டாம் என்று சொல்லி, இருவரையும் பார்க்க வாகாகக் கதவோரம் முக்காலியைப் போட்டுக்கொண்டாள்.