அரை முழம் குட்டையான சக்களத்தி

கயிற்றின் ஒரு நுனியைப் பலகையின் இடது ஓரத்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை இழுத்து நீட்டினாள் ரோஷன் பீவி. நீட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. துணி வெட்டும் அந்தப் பலகையின் விளிம்பில் என்றோ கத்தியால் கீறிய ஒரு வெட்டு இருந்தது. கயிற்றின் முனை சரியாக அதன்மேல் போய் விழுந்திருந்தது. கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்கு நேரேயும் பலகையில் ஒரு கீறல். இரண்டு கீறலையும் போட்டது அவள்தான். எதற்காகப் போட்டாள் என்பதும் மறக்கக் கூடியதல்ல.

கயிற்றைக் கொடுத்துவிட்டுப் போனவன் பக்கத்துத் தெரு ஜெயபாலன். வெள்ளைக்காரன் காலத்தில் போலீஸ் ஸ்டேஷனில் கிராணி, எழுத்து வேலை. ஜப்பான்காரன் வந்ததும் கொடி மாறியதே தவிர அவன் நாற்காலி மாறவில்லை. இப்போது அதைவிடப் பெரிய உத்தியோகம். ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய், போனவன் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்து அனுப்புகிறான். அவன் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் லயத்து ஆண்கள் கித்தா மரங்களுக்குள் ஓடி ஒளிகிறார்களாம். இந்தக் கஜா பெராங் பகுதியில் அவனைப் பார்த்தால் எல்லாரும் சிரிக்கிறார்கள். அவன் தெரு முனை திரும்பிய பிறகுதான் துப்புகிறார்கள்.

காலையில் வந்தவன் கயிற்றோடு ஒரு சுருள் கான்வாஸையும் போட்டுவிட்டுப் போயிருந்தான். பட்டாளத்துக் கிடங்கிலிருந்து வந்த புதுத் துணி. கஞ்சி மொடமொடப்புக்கூடப் போகவில்லை.

"லாத்தா, ஒரு உறை தைக்கணும். நீளம் இந்தக் கயிறு. முடிச்சுப் போட்ட எடத்துல ஒரு குமிழு துருத்திக்கிட்டு நிக்கும், அங்க மட்டும் கொஞ்சம் அகலமா விடுங்க. மத்த எடமெல்லாம் ஒடம்போட ஒட்டி இருக்கணும். சைக்கிள் பார்ல கட்டிக்கிட்டுப் போவணும், லொடலொடன்னு ஆடக் கூடாது."

"என்ன சாமான் தம்பி?"

"வேலைக்குப் போறவனுக்குத் தொணை," என்று சிரித்தான். "திங்கக்கெழம வேணும். அரிசி கொண்டாந்து தர்றேன், கிழங்கு தின்னு தின்னு நாக்கு செத்திருக்கும் ஒங்களுக்கு."

ரோஷன் பீவி கயிற்றைப் பலகையில் மறுபடி வைத்து அளந்தாள். ஒரே நீளத்தில் உலகத்தில் எத்தனையோ சாமான் இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். குமிழும் அதே இடத்தில் துருத்திக்கொண்டு நிற்க வேண்டுமா என்ன.

அவள் புருஷன் அலாவுதீன் ஆட்டு வியாபாரி. சொந்தமாக ஒரு பழைய லாரி வைத்திருந்தான். ஆயர் குரோவைத் தாண்டித் தோட்டம் தோட்டமாகப் போய் ஆடு வாங்கி வந்து டவுன் கசாப்புக் கடைகளுக்குக் கொடுப்பான். ஒரு நாள் லாரி பழுதாகி வழியில் நின்றபோது, அவன் கண் முன்னாலேயே ஒரு புலி ஏறி ஆட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. லைசென்ஸ் வாங்கி, ரோஷன் பீவியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆற்றோரக் கடைக்குப் போனான். அவன் கடைக்குள் இருந்து முதலில் எடுத்து வந்து காட்டியது ஆள் உயரத்தில் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு, செத்த புலியின்மேல் கால் வைத்து நிற்கும் துரை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"இது லாரிக்குள்ள எங்க ஒக்காரும்? என் மடியிலயா?" என்று கேட்டாள் இவள். "கதவத் தொறந்து இத நீங்க வெளிய இழுக்கறதுக்குள்ள புலி பசியாறிட்டு வீட்டுக்கே போயிடும் மச்சான்."

அடுத்ததும் நீளம். அதற்கடுத்ததுதான் இது. மற்றதைவிட அரை முழம் குட்டை. மான் பன்றி வேட்டைக்காகச் செய்தது, குழலும் சிறிது, கனமும் இல்லை, தோட்டா ஏற்றும் குமிழ் மட்டும் பக்கவாட்டில் துருத்தி நின்றது. இருக்கைக்குக் கீழே வைத்துப் பார்த்தாள், அடங்கியது. உட்கார்ந்தபடியே எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டச் சொன்னாள், எங்கேயும் இடிக்கவில்லை. "இதான்," என்றாள். அலாவுதீனுக்குக் கொஞ்சம் மனக்குறை. குட்டைச் சாமானைத் தூக்கிக்கொண்டு போனால் எவன் மதிப்பான் என்று வழியெல்லாம் முனகினான். இரண்டே வாரத்தில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கத் தொடங்கினான். அவள் முறைத்தபோது, "நீயே பாத்துப் பொறுக்கின சக்களத்தி, எங்கிட்ட ஏன் கோவிச்சுக்கறே," என்று சிரித்தான். அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். சக்களத்திக்கு எண்ணெய் போட்டாச்சா, சக்களத்தி எங்கே. அடிக்கட்டையை இன்னும் இரண்டு விரல் அறுத்துக் குறைத்து, தோளில் இடிக்காமல் இருக்க லாரி டயர் ரப்பரை அளவாக வெட்டி, நான்கு மூலையிலும் பித்தளை ஆணி அடித்தான். கடைசி ஆணி அடிக்கும்போது விரலை நசுக்கிக்கொண்டு சுத்தியலை வீசியெறிந்தான். அந்த ஆணி கோணலாகவே நின்றுவிட்டது.

உறை தைத்தது இவள். நீளத்துக்கும் குமிழுக்கும் பலகையில் கீறல் போட்டது அப்போதுதான். புதுக் கான்வாஸை ஊறப்போட்டுக் காயவைத்து, மறுபடி ஊறப்போட்டுக் காயவைத்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் மழையில் துணி சுருங்கி உள்ளே இருப்பதைக் கவ்விக்கொள்ளும். இழுத்தாலும் வராது. பின்கட்டில் தகரத் தொட்டியில் துணி ஊறிக் கிடந்ததைப் பார்த்து அலாவுதீன், "சக்களத்தி சேலைய நீ தொவச்சுப் போடற அதிசயத்த இந்த வீட்டுலதான் பாக்க முடியும்," என்றான்.

ஜப்பான்காரன் வந்ததும், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் தலை என்று அறிவித்தார்கள். அலாவுதீன் அன்றே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தான். "ஜெயபாலன்தான் மேசைல ஒக்காந்து வாங்கினான். நெட்ட நெட்டையா எத்தனையோ வந்துச்சு பாய், இப்படி ஒண்ணு வரலன்னு தடவிக்கிட்டே இருந்தான். சக்களத்தி நல்ல எடத்துலதான் வாக்கப்பட்டிருக்கா," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் ஜப்பான் ராணுவப் போலீஸ், கெம்பெத்தாய்க்காரர்கள், வாசலில் வந்து நின்றார்கள். லைசென்ஸ் இருக்கிறது, துப்பாக்கி வரவில்லை. கூட ஜெயபாலனும் நின்றான். கொடுத்துவிட்டேன், இவன் கையில்தான் கொடுத்தேன் என்று அலாவுதீன் மலாயில் கத்தினான். அதிகாரி ஜெயபாலன் பக்கம் திரும்பினான். ஜெயபாலன் தரையைப் பார்த்துக்கொண்டு, "தாக் அடா, துவான்," என்றான். வரவில்லை ஐயா. அவ்வளவுதான். அதிகாரி ரோஷன் பீவியைக் கேட்டபோது, "குடுத்துட்டேன்னு சொன்னாரு. நான் கூடப் போவல," என்றாள். பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டாவது பேச்சை அவன் கேட்காமலேயே சொல்லியிருந்தாள். அலாவுதீனை அவன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆளும் திரும்பவில்லை, லாரியும் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு ஜெயபாலன் அடிக்கடி வந்தான். அரிசி கொண்டுவந்தான், ஒரு தடவை சீனிகூட. "பாய் எங்கயாவது பொதச்சு வச்சிருப்பாரு லாத்தா. அது மேல அவருக்கு உசுரு, எனக்குத் தெரியாதா. தேடி எடுத்துக் குடுங்க, நான் பேசிப் பாக்கறேன்," என்றான். அவள் தேடினாள். ஆட்டுப்பட்டித் தரையைக் கொத்தினாள், பலா மரத்தடியைக் கொத்தினாள், உள்ளங்கை பொத்துப்போகிறவரைக்கும் கொத்தினாள். அலாவுதீனின் தங்கை ஷரீஃபா கைகட்டிக்கொண்டு நின்றாள். மண்வெட்டியைத் தொடவில்லை.

"அண்ணன் குடுத்துட்டாரு மச்சி. குடுத்தத எப்படித் தோண்டி எடுப்பீங்க?"

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டியில் கிழங்கு வேகவைத்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாகத் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ரோஷன் பீவியோ ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவனுக்காக அழுதுவிட்டு, எழும்போது அவனையே திட்டினாள். ஒரு இரும்புத் துண்டுக்காக என்னைத் தெருவில் விட்டுட்டுப் போனீங்களே.

கயிற்றைக் கொடுத்த மறுநாள் ஜெயபாலன் வந்தபோது அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "கயிற வச்சு வெட்ட முடியாது தம்பி. ஆளப் பாக்காம சட்ட தைக்க முடியுமா? சாமானக் கொண்டாங்க."

அவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு அவளை, மிஷினை, மூலையில் குவிந்திருந்த கோணிச் சாக்குகளைப் பார்த்தான். பார்த்ததில் என்ன தைரியம் வந்ததோ, சாயங்காலம் ஒரு கைலியில் சுற்றிக் கொண்டுவந்து பலகையின்மேல் வைத்தான்.

"பயப்படாதீங்க, தோட்டா இல்ல. பொம்பளைங்களுக்கு எல்லாத் துப்பாக்கியும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும்."

கட்டைக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தான். ரப்பருக்கும் சேர்த்துத்தான் பூசியிருந்தான். ரோஷன் பீவி அளப்பதுபோல் சாண் வைத்துக்கொண்டே போய், அடியில் விரலை நிறுத்தினாள். நான்கு ஆணி. ஒன்று கோணல்.

"குட்டையா இருக்கே," என்றாள். தன் குரல் அவ்வளவு சாதாரணமாக வந்தது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

"அதுக்குத்தான் இது." ஜெயபாலனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஸ்டேசன்ல குவியலா கெடந்துச்சு. ஒண்ண வச்சுக்கன்னாரு ஜப்பான் தொரை. ஆளாளுக்கு நெட்டையா, பளபளப்பா எடுத்தானுங்க. நெட்டைய எடுத்தவன்தான் போன மாசம் செத்தான், தெரியுமில்ல? ஜப்பான்காரன எதுத்துக் காட்டுல ஒளிஞ்சிருக்கறவனுங்க மரத்துக்குப் பின்னாலேர்ந்து வந்தானுங்க. இவன் தோள்லேர்ந்து கழட்டறதுக்குள்ள கத முடிஞ்சுபோச்சு. ஊர் ஊரா வேலைக்கு அலையறவனுக்குக் கை வச்சதும் வர்ற சாமான்தான் வேணும் லாத்தா. நான் இத வந்த அன்னைக்கே எடுத்து ஒதுக்கி வச்சிட்டேன். குவியல்ல கெடந்திருந்தா எவனாவது தூக்கிட்டுப் போயிருப்பான்."

"யாருது?"

அவன் கைலியை மடித்தான். "எவனோ தோட்டத்துத் தொரை விட்டுட்டு ஓடினது."

அவள் தலையாட்டினாள். வேறு என்ன செய்வது. யாரிடம் போய்ச் சொல்வது. துப்பாக்கியை வாங்கியவனும் இவன், இல்லை என்றவனும் இவன். கெம்பெத்தாய் வாசலில் போய் நின்றால் மொழிபெயர்க்க வருகிறவனும் இவனாகத்தான் இருப்பான். இவன் கணக்கில் காட்டாமல் எடுத்து ஒதுக்கினதில் அலாவுதீன் போய்விட்டான். அதன்மேல் இவன் ஆசைப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். அன்றைக்கு ஆற்றோரக் கடையில் அலாவுதீன் கேட்ட நெட்டையையே வாங்க விட்டிருந்தால், அது மற்றதோடு மற்றதாகக் குவியலில் விழுந்திருக்கும். எவனும் தடவியிருக்க மாட்டான். அலாவுதீன் இந்நேரம் கிழங்குக்கு அலைந்துகொண்டு, ஜப்பான்காரனைத் திட்டிக்கொண்டு, பின்கட்டில் உட்கார்ந்திருப்பான்.

ஜெயபாலன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போன பிறகு அவள் கான்வாஸ் சுருளைப் பிரித்துப் பலகையில் விரித்தாள். காய்ந்த துணி பலகையில் உரசிச் சரசரத்தது. கத்தரியை எடுத்தாள். அடுப்படியிலிருந்து வந்த ஷரீஃபா வாசற்படியில் நின்றாள். தையல் வேலை பழகினவள்தான் அவளும்.

"ஊறப் போடலையா மச்சி?"

"திங்கக்கெழம வேணுமாம்."

"இன்னைக்கு வெள்ளிதானே. ரெண்டு நாளா வெயிலும் நல்லாத்தான் அடிக்குது."

கத்தரி துணிக்குள் இறங்கிவிட்டது. வெட்டி முடிக்கிறவரை ரோஷன் பீவி நிமிரவில்லை.

"ஒங்க அண்ணன் குடுத்துட்டாரு ஷரீஃபா."

"எனக்குத் தெரியும் மச்சி. ஒங்களுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சிருக்கு."

ரோஷன் பீவி மிஷினில் உட்கார்ந்து கனத்த ஊசியை மாட்டினாள். ஷரீஃபா வந்து எதிர்ப்பக்கம் குந்தி, துணியின் ஓரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பாதி தையல் ஓடிய பிறகு விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"குமிழுகிட்ட இன்னும் கொஞ்சம் ஒட்டிப் புடிங்க."

திங்கட்கிழமை காலையில் ஜெயபாலன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு வந்தான். துப்பாக்கியை உறைக்குள் இறக்கினான், உருவினான். மறுபடி இறக்கினான், உருவினான். ஒவ்வொரு தடவையும் சிக்காமல் வந்தது. சின்னப் பிள்ளைபோல் அவன் முகம் மலர்ந்தது.

"கை பட்டதும் வருது லாத்தா. ஒங்க கைக்கு வளையல் போடணும்." பிறகு வானத்தைப் பார்த்தான். "மழைக்குத் தாங்குமில்ல?"

"கான்வாஸ் தம்பி. எவ்வளவு நனைஞ்சாலும் கிழியாது."

அரிசிப் பையைப் படியில் வைத்துவிட்டு, உறையைச் சைக்கிள் பாரில் இறுகக் கட்டிக்கொண்டு ஏறினான். இன்றைக்கு எந்தத் தோட்டம் என்று அவள் கேட்கவில்லை. மணியடித்துக்கொண்டு ஆயர் குரோப் பக்கம் போனான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிச் சிரித்தார்கள்.

அரிசிப் பையை இருவரும் தொடவில்லை. நடுப்பகலுக்கு மேல் கிளேபாங் பக்கத்திலிருந்து கடற்காற்று திரும்பியது. கொடியில் கிடந்த கோணித் துணிகள் படபடத்தன. மேகம் டவுனைத் தாண்டி, மேட்டைத் தாண்டி, தோட்டங்கள் இருக்கிற திசைக்கு ஆட்டு மந்தைபோல் நெருக்கியடித்துக்கொண்டு போனது. ஷரீஃபா பின்கட்டுக்குப் போய், சுவரில் கவிழ்த்துச் சாய்த்திருந்த தகரத் தொட்டியை இழுத்து வந்தாள். வெகுநாளாகத் தண்ணீர் படாத தொட்டி. அடியில் சிலந்தி வலை காய்ந்திருந்தது. அதை முற்றத்தின் நடுவில் வாய் மேலே பார்க்க வைத்துவிட்டு, வந்து மச்சியின் பக்கத்தில், அவள் தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

முதல் துளி விழட்டும் என்று இரண்டு பேரும் அந்தத் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.