மிண்டா பேசி வாங்கிய இரண்டு ஆட்டம்

கபனத்துவான் நகரத்துச் சந்தையில் கருவாடு விற்கிற மிண்டாவிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. அதனால்தான் அவள் கணவன் அர்னெல் பந்தயம் கட்டி, மேசையில் கோலால் பந்து தள்ளும் பூல் ஆடப் போகும்போதெல்லாம் சலுகை பேசுகிற வேலை அவளிடம் வந்து சேர்ந்தது. எதிராளி தேர்ந்த ஆட்டக்காரன் என்றால் அவனிடம் இரண்டொரு ஆட்டத்தை முன்கூட்டியே சலுகையாகக் கேட்டு வாங்க வேண்டும். ஆடுகிறவனே கேட்டால் மானம் குறுக்கே நிற்கும். பெண்டாட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. "என் புருஷன் ஒரு மண்ணுக்கும் ஆக மாட்டான் அண்ணே" என்று அவள் ஆரம்பித்தாலே கூடம் சிரிக்கும். அர்னெலும் சேர்ந்து சிரிப்பான். வீடு திரும்பும்போது, "இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே திட்டிட்ட" என்பான். "திட்டினதுக்கு ஒரு ஆட்டம் கிடைச்சுதா இல்லையா?" என்பாள்.

அந்த ஆகஸ்டில் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. மகள் ஜெனலினை வைத்திருந்த கல்லறை மாடத்தின் ஐந்து வருஷத் தவணை முடியப்போகிறது. மறுபடி பணம் கட்டாவிட்டால் மாடத்தை உடைத்து, எலும்பைச் சாக்கில் கட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, இடத்தை வேறு பிணத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். கட்ட வேண்டியது ஐயாயிரம் பெசோ. மூன்று சக்கர வண்டி ஓட்டி அர்னெல் சேர்த்ததும், கருவாட்டில் மிண்டா ஒதுக்கியதுமாகக் கையில் இருந்தது மூவாயிரம்.

ஆஞ்சலஸ் நகரத்து டெல்பின் வந்திருக்கிறார், மூவாயிரத்துக்கு ஆள் தேடுகிறார் என்று தெரிந்ததும் இருவரும் சந்தைக்குப் பின்னாலிருந்த பூல் கூடத்துக்குப் போனார்கள். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கப் பந்தயம் கட்டுகிறவர்கள் மேசையைச் சுற்றி ஏற்கெனவே கூடியிருந்தார்கள்.

டெல்பினுக்கு ஐம்பது வயதிருக்கும். கோல் முனையில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு ஆட்டம் தர்றேன்மா," என்றார். "நான் ஒன்பது ஆட்டம் எடுக்கணும். உன் வீட்டுக்காரர் எட்டு எடுத்தாப் போதும்."

"ஒண்ணா? அண்ணே, நீங்க டிவியில ஆடினவரு. இவன் வண்டி ஓட்டி முதுகு வளைஞ்சவன். மூணு குடுங்க. எல்லா ஆட்டத்துலயும் முதல் அடியும் இவனே அடிக்கட்டும்."

"அதையும் குடுத்துட்டா நான் பஸ்ஸுக்குக் காசில்லாம ஊருக்கு நடந்துதான் போகணும்."

"நடங்களேன். தொந்தி குறையும்."

கூடம் சிரித்தது. டெல்பினும் தொந்தியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "சரி, வேற மாதிரி பேசுவோம். பத்தாம் பந்து வரைக்கும் அவர் போக வேணாம். எட்டாம் பந்தப் போட்டாலே ஆட்டம் அவருக்கு. எடுத்துக்கோ."

பந்துகளை வரிசையாகப் போட்டுப் பத்தாவதைக் குழியில் தள்ளுகிறவனுக்குத்தான் ஒரு ஆட்டம் சேரும். விவரம் தெரியாதவர்கள் அந்த இடத்தில் பாய்ந்து பிடித்துக்கொள்வார்கள். மிண்டா மறுத்துத் தலையாட்டினாள். "அது எதுக்கு? எட்டு வரைக்கும் வந்தவன் மிச்ச ரெண்டையும் தானா போட்டுருவான். அந்த ஆசையெல்லாம் வேற யாருக்காவது காட்டுங்க. எனக்கு ஆட்டமாவே வேணும்."

"பாத்தியா, நீயே சொல்லிட்ட!" டெல்பின் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தார். "எட்டுக்கு வந்தா பத்தையும் போட்டுருவாராம். அப்படிப்பட்ட ஆளுக்கு எதுக்குச் சலுகை? இவர் சான் ஹோசே ஊர்ல ஆடினத ஏழெட்டு வருஷம் முன்னாடி நானே பாத்திருக்கேன். கல்லு மாதிரி கை. ஒண்ணுதான் தருவேன். வேணாம்னா விடு, மழை விட்டதும் கிளம்பறேன்."

சொன்னபடியே கோலை இரண்டாகக் கழற்றத் தொடங்கினார். இவ்வளவு சுலபமாக மிண்டா ஒருபோதும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதில்லை. ஒரு ஆட்டச் சலுகையில் அர்னெல் தோற்றுவிடுவான் என்பது அவளுக்குத் தெரியும். தோற்றால் மூவாயிரமும் போகும், மாடமும் போகும்.

"அது அப்போ," என்றாள். "இப்போ கடைசிப் பந்துல இவனுக்குக் கை நடுங்கும்."

"யாருக்குத்தான் நடுங்காது?"

"அந்த நடுக்கம் இல்லண்ணே." அவள் குரல் மாறியிருந்தது. பேரத்தின் வேகம் அவளை இழுத்துக்கொண்டு போனது. "எங்க பொண்ணுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தா. ஆறு வயசு. இவன் இதே மாதிரி ஒரு மேசையில நின்னுட்டிருந்தான். மூச்சு இழுக்குது, உடனே வான்னு ஆள் அனுப்பினேன். பத்தாம் பந்து ஒண்ணுதான் பாக்கி, போட்டுட்டு ஓடி வர்றேன்னு சொல்லி அனுப்பினான். இவன் வந்தப்போ அவ முகத்த மூடியாச்சு. அன்னையிலருந்து பத்தாம் பந்தப் பாத்தா இவன் கை நிக்காது. போதுமா? இன்னும் என்ன சொல்லணும்?"

இந்த ஐந்து வருஷத்தில் அவர்கள் இருவரும் வீட்டுக்குள்கூட ஒருமுறையும் வாய்விட்டுச் சொல்லாத பேச்சு அது. அர்னெல் சுவரோரம் கோலைப் பிடித்தபடி நின்றான். அவன் முகத்தைப் பார்க்க மிண்டாவுக்குத் துணிவு வரவில்லை.

டெல்பின் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "ரெண்டு ஆட்டம். எடுத்துக்கோம்மா," என்றார் மெதுவாக.

அடுத்த நிமிஷமே பின்வரிசையில் ஒருவன், "அர்னெல் மேல ஐநூறு!" என்று கத்தினான்.

ஆட்டம் தொடங்கியது. டெல்பின் ஒன்பது எடுக்க வேண்டும், அர்னெல் ஏழு. அவன் பத்தாம் பந்துக்கு வரும்போதெல்லாம் கூடமே அவன் கையைப் பார்த்தது. முன்பும் அந்தக் கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவளைத் தவிர யாரும் கவனித்ததில்லை. இப்போது ஒருவன் பக்கத்திலிருந்தவனை முழங்கையால் இடித்துக் காட்டினான். இரண்டு முறை பந்து குழி விளிம்பில் நின்றுபோனது. மற்ற நேரங்களில் விழுந்தது. டெல்பினும் அன்று சோர்வாகத்தான் ஆடினார். வேண்டுமென்றே அப்படி ஆடினாரா என்று சொல்ல முடியாது. இருவரும் ஏழுக்கு ஏழு என்று வந்தபோது அர்னெல் மேல் கட்டியவர்கள் குதித்தார்கள். பந்தயம் முடிந்துவிட்டது. இருவர் பந்தயப் பணத்தையும் வாங்கி வைத்திருந்த கூடத்துக்காரர் ஆறாயிரத்தையும் மேசை ஓரத்தில் வைத்தார்.

அர்னெல் பணத்தைத் தொடவில்லை. "ஒன்பது வரைக்கும் ஆடணும்," என்றான்.

"முடிஞ்சுது தம்பி. நீ ஜெயிச்சிட்ட," என்றார் டெல்பின்.

"அந்த ரெண்டு ஆட்டம் எனக்கு வேணாம். உங்களுக்கு ஒன்பதுன்னா எனக்கும் ஒன்பதுதான். பந்த அடுக்குங்கண்ணே."

"டேய், எங்க பணம் எங்களுக்கு வந்தாச்சு. இனிமே நீ விடிய விடிய ஆடிக்கோ," என்றான் ஐநூறு கட்டியவன்.

டெல்பின் மிண்டாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் பந்துகளை அடுக்கினார்.

அடுத்த ஆட்டத்தை டெல்பின் எடுத்தார். அதற்கடுத்ததில் அர்னெல் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை வரிசையாகப் போட்டு, பத்தாம் பந்து குழிக்கு நேராக நிற்கும்படி வந்தான். வெகுநேரம் குனிந்து நின்றான். அடித்தான். பந்து குழியின் விளிம்பில் பட்டுத் திரும்பிவிட்டது. டெல்பின் அதைக் குழியில் தள்ளிவிட்டார். ஒன்பதுக்கு ஏழு.

அர்னெல் பணத்தை அவர் பக்கம் நகர்த்தினான். "உங்களுது."

"என் வாயால குடுத்த ஆட்டம் தம்பி அது. திருப்பி வாங்க மாட்டேன்." அவர் கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

பணம் மேசையின் பச்சைத் துணிமேல் கிடந்தது. அர்னெல் வெளியே நடந்தான். மிண்டா போய் அதை எடுத்து, எல்லாரும் பார்க்க இடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வேறு வழி இருந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டியில் அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டாள். வண்டி பாலத்தைத் தாண்டியது.

"அவளுக்காகத்தானே சொன்னேன்," என்றாள் மிண்டா. "அவ இடம் போயிடக் கூடாதுன்னுதானே."

அவன் சாலையைப் பார்த்தபடியே ஓட்டினான். "நீ சொன்னதுல ஒண்ணு தப்பு."

"என்ன?"

"ஒரு பந்து இல்ல. நீ அனுப்பின ஆள் வந்தப்போ ஆறு பந்து பாக்கி இருந்துச்சு. ஒண்ணுதான்னு பொய் சொல்லி அனுப்பினேன். ஆறையும் போட்டுட்டுதான் வந்தேன். அன்னைக்குக் கை நடுங்கல."

மழைச்சாரல் பக்கவாட்டில் அடித்து மிண்டாவின் பாவாடை முழுக்க நனைந்தது. ஒதுங்கி உட்காரவும் அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் அவளே போய்ப் பணத்தைக் கட்டினாள். மாடம் இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஜெனலினுடையது. இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் முதல் தேதி ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குக் கிளம்பியபோது, அர்னெல் அவளைக் கல்லறை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அவள் இறங்கி, அவனும் வருவான் என்று நின்றாள். சவாரிக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் வண்டியில் ஏறிக்கொண்டது. அவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.