ஒரு சாண்

மாப்பிள்ளை காலையிலிருந்து நான்காவது தடவையாக முறுக்கிக்கொண்டு நின்றுவிட்டார். ஆறு சக்கரங்களும் மணலில் லேசாகப் புதைந்திருக்க, கழுத்தை மட்டும் இடமும் வலமும் திருப்பி, எதிரே கிடந்த கற்களைப் பார்த்தார். பிறகு கழுத்தும் நின்றது. மாடி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவளுடைய திரையில் ஒரு வரி வந்தது. 'வழி இல்லை. உத்தரவுக்குக் காத்திருக்கிறேன்.' அந்த வரியை எழுதிவைத்தவள் அவள்தான். எப்போதாவது ஒருமுறை தேவைப்படும் என்று நினைத்து எழுதியது. மூன்று வேலை நாட்களில் ஒன்பது முறை வந்துவிட்டது.

வேறொரு கிரகத்துக்குப் போகவிருக்கும் இயந்திரத்தின் அச்சு அசலான இரட்டை அது. நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று அதற்கு உண்டு, காகிதங்களில் மட்டும். குளிர்சாதன அறையில் வைத்துத் துடைத்து, நான்கு பேர் தாங்கிக் கொண்டுவந்து இறக்கியும், நினைத்தால் கோபித்துக்கொண்டு நின்றுவிடுவதால் சோதனைக் கொட்டகையில் எல்லாருக்கும் அது மாப்பிள்ளை. போகிற இயந்திரம் அந்தக் கிரகத்தை அடைந்த பிறகு அது சொல்வது இங்கே வந்து சேரக் கால் மணி நேரம் ஆகும், இங்கிருந்து பதில் போய்ச் சேர இன்னொரு கால் மணி. ஒவ்வொரு கல்லுக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கற்களுக்கு நடுவே தானே வழி கண்டுபிடித்துப் போகவேண்டும். அந்த மென்பொருள் அவளுடைய இரண்டரை வருட வேலை. வியாழக்கிழமை அதைப் பூட்டுகிறார்கள், அதற்கப்புறம் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது. இன்று செவ்வாய்.

கீழே மணலின் ஓரத்தில் வயரிங் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மின் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவர், எதையும் அளக்காமல் நம்பாதவர். ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் கணினி ஒரு படம் அச்சடித்துத் தரும். அறுபது கற்களில் எது எங்கே என்று அதில் இருக்கும், அதைப் பார்த்து மணலில் அடுக்க வேண்டும். வழக்கமாக அதைச் செய்கிறவன் அவளுடைய கணவன். போன வியாழக்கிழமை குனிந்தவன் நிமிர முடியாமல் இடுப்புப் பிடித்துக்கொள்ள, வீட்டில் படுத்திருக்கிறான். அந்த வேலை வயரிங் அக்கா தலையில் விழுந்தது.

"இங்க பாரும்மா, படத்துல என்ன இருக்கோ அதுதான் தரையில இருக்கு" என்று அங்கிருந்தே கத்தினார். "டேப் புடிச்சு வெச்சிருக்கேன். வேணும்னா நீ வந்து அள. உன் வீட்டுக்காரர் வெச்சா சமத்தா போறாரு, நான் வெச்சா மட்டும் மொறைக்கிறாரு. நான் என்ன அவருக்கு சீர் கொறச்சா வெச்சேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள், அவன் வைத்தால் மட்டும் ஏன் போகிறது என்று பழைய பதிவுகளைத் திறந்தாள்.

கொட்டகையின் கூரையில் ஒரு கேமரா உண்டு. ஓட்டம் தொடங்குமுன் மேலிருந்து ஒரு படம் எடுக்கும். கற்கள் அறுபதும் இருக்கின்றனவா என்று எண்ணுவதற்காக வைத்தது, எண்ணி முடித்ததும் யாரும் அதைத் திரும்பப் பார்ப்பதில்லை. வயரிங் அக்கா வைத்த பன்னிரண்டு ஓட்டங்களின் படங்களையும் அவள் எடுத்து, அச்சடித்த படத்தை அவற்றின்மேல் பொருத்திப் பார்த்தாள். அறுபதும் அறுபதாகப் பொருந்தின. அதற்கு முந்தைய ஓட்டத்தை எடுத்தாள், அவன் கடைசியாக அடுக்கியது. ஐம்பத்தொன்பது பொருந்தின. ஒரே ஒரு கல் ஒரு சாண் தள்ளி இருந்தது. குனிந்து குனிந்து வைக்கிற மனிதன், ஒன்று தவறாதா என்று நினைத்தாள். அதற்கும் முந்தையதில் வேறொரு கல், அதே ஒரு சாண். அதற்கு முன்னால் வேறொன்று. மேசையில் சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே இருந்தது. யாரோ வந்து ஏதோ கேட்டார்கள், என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு முப்பத்தொன்பதாவது ஓட்டத்தை அடைந்தாள். அதிலும் ஒரு கல். முப்பத்தெட்டில் அறுபதும் பொருந்தின. அதற்கு முந்தைய எல்லாவற்றிலும் பொருந்தின.

முப்பத்தெட்டாவது ஓட்டத்தின் நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதுவரை முப்பத்தெட்டு முறையும் இயந்திரம் நின்றிருந்தது. மாத முடிவுக்குள் நடக்காவிட்டால் இன்னொரு குழுவின் மென்பொருளை அனுப்புவோம் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அது பத்தடி போய், படம் அனுப்பி, பூமியின் பதிலுக்குக் காத்திருக்கிற வகை. அன்று மாலை வீட்டில் ஒரே டம்ளரை வெகுநேரம் கழுவிக்கொண்டு நின்றாள். பின்னால் வந்து குழாயை மூடிய கணவனிடம், "என்னால முடியலைங்க, விட்டுடறேன்" என்றாள். மறுநாள் காலை, பெரிய நம்பிக்கை இல்லாமல், மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினாள். மாப்பிள்ளை நடந்தார். மணலின் குறுக்கே அந்தக் கோடிவரை நின்று நிதானித்து நடந்தார். கொட்டகையே கை தட்டியது. அந்த மாற்றத்தைப் பற்றி அவள் கட்டுரை எழுதினாள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதை வகுப்பாக எடுத்தாள். அந்த எண்ணை இப்போது பழையபடி மாற்றி, நகர்ந்த கல்லோடு முப்பத்தொன்பதாவது ஓட்டத்தையே கணினியில் ஓட்டிப் பார்த்தாள். நடந்தது. அந்த எண்ணுக்கும் நடப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டில் அவன் கூடத்தில் குப்புறப் படுத்திருந்தான். ஒன்பது வயது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் முதுகின்மேல் நடந்துகொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கீழ குட்டி. ஆ... அங்கதான். அங்கேயே குடியிருந்துடு."

"ஆடாதப்பா, வழுக்குது."

வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற அம்மாவைப் பார்த்ததும் மகள் தானாகவே இறங்கி உள் அறைக்குப் போய்விட்டாள். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"முப்பத்தொன்பதாவது ஓட்டத்துல இருபத்திரெண்டாம் நம்பர் கல்ல ஏங்க நகத்துனீங்க?"

அவன் முகத்தைத் திருப்பவில்லை. கன்னம் பாயில் அழுந்தியிருந்தது. மின்விசிறி நாலைந்து தடவை நாட்காட்டியைத் தூக்கிப் போட்டது.

"கண்டுபுடிச்சிட்டியா" என்றான்.

"அது ஒண்ணு மட்டுமில்ல. நூத்தி எழுபத்து நாலு."

"நான் எண்ணல."

அவர்கள் பதினொரு வருடம் பேசாமலே உட்கார்ந்து பழகியவர்கள். வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை யாரும் விதியாகப் போடவில்லை, அது அப்படி அமைந்துவிட்டது. அவள் மாடி அறை, அவன் மணல். மதியம் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் மற்றவர்களைப் போலவே தலையசைத்துக்கொள்வார்கள்.

"ஒரு நாளாவது நடக்கட்டுமேன்னு தோணுச்சு" என்றான் அவன், பாயைப் பார்த்தபடியே. "ஒரே ஒரு நாள். நடந்துச்சு. அன்னைக்கு நீ வந்து தட்டுல மிச்சம் வெக்காம சாப்பிட்ட. படுத்த ஒடனே தூங்கிட்ட. மூணு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் தூங்குன. மறுநாள் போய் நான் எப்படி படத்துப்படி வெப்பேன், சொல்லு."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்கவேண்டும். கை தட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவர்கள் நடுவில், மணலில் கால் புதைய நின்று அவனும் தட்டிக்கொண்டிருந்தான்.

"எந்தக் கல்ல நகத்துனா அது போகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நிழல்தான்." கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். "விளக்கு சாஞ்ச மாதிரி ஒரு பக்கத்துலேருந்து வருதுல்ல. ஒரு கல்லோட நிழல் நீண்டு போய் அடுத்த கல்லத் தொட்டுச்சுன்னா, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கும். நடுவுல தாராளமா எடம் இருக்கும், இருந்தாலும் சுவருன்னு நெனச்சு நின்னுடும். நான் நிழல் தொடாம ஒரு கல்ல தள்ளி வெச்சிடுவேன். ஒண்ணு போதும். அது போற தடம் எனக்குத் தெரியும்."

அவள் அவனையே பார்த்தாள். முப்பத்தெட்டு தோல்விகளில் அவளும் ஆறு பேரும் சேர்ந்து தேடிக் கிடைக்காத காரணம் அது. முப்பத்தொன்பதில் நடந்துவிட்டதால் அதற்குமேல் யாரும் தேடவில்லை.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு பத்துப் பதினஞ்சு தடவ பாத்ததுமே."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் உண்மையிலேயே திகைத்துப்போனான். "எனக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியாம இருக்கும்னு நான் எப்படிம்மா நெனைப்பேன்? நீ வேற ஏதோ பெருசா பாத்துக்கிட்டிருக்கேன்னு நெனச்சேன்."

உள்ளே மகள் ஏதோ பாடத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கியிருந்தாள். வேண்டுமென்றேதான் சத்தமாகப் படிக்கிறாள் என்று தோன்றியது.

"ஒண்ணு பண்ணு" என்றான். "இப்பதான் காரணம் தெரிஞ்சுபோச்சே. சத்தமில்லாம சரி பண்ணிடு. இனிமே நான் படத்துப்படியே வெக்கறேன்."

"நாளன்னைக்குப் பூட்டறாங்க. அந்த நூத்தி எழுபத்து நாலையும் நம்பித்தான் பூட்டறாங்க."

"அத யாரு போய்ப் பாக்கப்போறா?"

"அது அங்க போய் நின்னா? அங்க யாருங்க இருக்கா, ஒரு சாண் நகத்தி வெக்க?"

அவன் உள் அறைப் பக்கம் பார்த்தான். மகளுக்குக் கேட்காத குரலில், "எனக்கு வேலை போயிடும்மா" என்றான். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு அவனும் கிளம்பினான். வரவேண்டாம் என்றாள், கேட்கவில்லை. பேருந்தில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. திட்டத்தின் தலைவி தன் அறையில் சன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் மேடம் என்பார்கள், அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை, அதனாலேயே எல்லாரும் பயப்படுவார்கள்.

"கல்லு படத்துப்படி இல்ல மேடம்" என்றாள் அவள். "முப்பத்தொன்பதாவது ஓட்டத்துலேருந்து ஒவ்வொண்ணுலயும் ஒரு கல்லு நகந்திருக்கு."

பேருந்தில் வரும்போதே அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தாள். நகர்ந்திருக்கிறது. யார் கையும் படாத சொல்.

மேடம் டம்ளரை சன்னல் விளிம்பில் வைத்தார். "நகந்துச்சா, நகத்துனாங்களா?"

மேடம் அவசரப்படவில்லை. வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போயிற்று.

"நகத்துனேன் மேடம்" என்றான் அவன், கதவருகிலிருந்து. "நான்தான்."

"இவங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நேத்துதான்."

"நேத்து எத்தன மணிக்கு?" இது அவளிடம்.

"நாலு மணி மேடம்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப ஒம்பதே கால். சரி, ஒரு ராத்திரிதானே." அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அவனையும் உட்காரச் சொன்னார். அவன் உட்கார்ந்து முடிக்க நேரமாயிற்று. நிழல் விஷயம் முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை.

"பூட்டறத மூணு வாரம் தள்ளிப்போடலாம்" என்றார் கடைசியில். "அதுக்கு மேல ராக்கெட் நமக்காக நிக்காது. இத விட்டா அடுத்தது இருபத்தாறு மாசம் கழிச்சுத்தான். சரி பண்ணு. அறுபது ஓட்டம் புதுசா ஓடணும், அதுல அம்பத்தஞ்சு நடக்கணும். நடக்கலன்னா நின்னு நின்னு போற அந்த மென்பொருளே போகட்டும்." பிறகு அவனைப் பார்த்தார். "நீங்க மணல்ல கால் வெக்கக்கூடாது. இவங்க பக்கத்துல ஒக்காந்து, அது எங்கெங்க நிக்கும்னு சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் வேலையில இருக்கீங்க. அப்புறம் என்னன்னு எனக்கே இப்ப தெரியாது."

ஒன்பது நாள் மாடி அறையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் கொண்டுவர, அவன் விரலை வைத்து, "இங்க நிக்கும்" என்பான். ஓட்டிப் பார்த்தால் அங்கேதான் நின்றிருக்கும். ஒருமுறை, "இதுல நிக்காது, ஆனா யோசிக்கும்" என்றான். அதுவும் அப்படியே இருந்தது. அவளுக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. அப்படியொரு உணர்வு கணவன்மேல் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தன் பெயர் போட்ட பழைய கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அனுப்பினாள். அவன் ஒன்றும் கேட்காமல் போய் இரண்டு டீ வாங்கி வந்தான். மாலையில் இருவரும் ஒன்றாகப் படியிறங்கினால், மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவர்கள் தாண்டிய பிறகு தொடர்ந்தார்கள்.

பத்தாம் நாள் காலை, திருத்திய மென்பொருளின் முதல் ஓட்டம். வயரிங் அக்கா டேப்பைச் சுருட்டிக்கொண்டு மணலிலிருந்து வெளியே வந்தார், கேலியாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்னொரு குழுவிலிருந்து மூன்று பேர் வந்து கண்ணாடியோரம் நின்றார்கள். மேடம் அவர்களுக்குப் பின்னால் நின்றார். விளக்கைப் போட்டதும் அறுபது கற்களின் நிழல்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுந்தன. நடுவில் இரண்டு கற்களின் நிழல் ஒன்றாகி, தடத்தின் குறுக்கே கறுப்பாகக் கிடந்தது. எல்லாருக்கும் அது தெரிந்தது.

இயந்திரம் கிளம்பியது. முதல் வரிசைக் கற்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று, இரண்டாவது வரிசையையும் தாண்டியது. கறுப்புக்கு முன்னால் வந்து நின்றது. கழுத்து இடது பக்கம் திரும்பியது, பிறகு வலது பக்கம், பிறகு நேரே. அவளுடைய திரையில் இன்னும் எந்த வரியும் வரவில்லை. அவள் திரையை விட்டுத் திரும்பிப் பார்த்தாள். அறையின் கடைசி நாற்காலியில் அவன் கண்ணை இமைக்காமல் கீழே பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் அழுத்தி வைத்து உட்கார்ந்திருந்தான். கீழே, இடது பக்க முன் சக்கரம் கால் வட்டம் திரும்பி அப்படியே நின்றது. அதன் விளிம்பிலிருந்து மணல் பொடிப்பொடியாக நிழலுக்குள் உதிர்ந்துகொண்டிருந்தது.